பிளஸ் டூ பிள்ளையின் மன அழுத்தம்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

பதினாறிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இருக்கும் பிள்ளை முகம் கொடுத்துப் பேசுவதில்லை, படிப்பில் மனம் ஓடவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறது என்றால் பல வீடுகளில் நடப்பது இதுதான்: முதல் நாள் அறிவுரை, இரண்டாம் நாள் போன் பறிமுதல், மூன்றாம் நாள் மாமாவை வரவழைத்து ஒரு பஞ்சாயத்து, ஒரு மாதம் கழித்துக் கோயில், கடைசியில்தான் மருத்துவர். இதில் சிலது நல்லதுதான். வரிசைதான் தலைகீழ்.

இது பிளஸ் ஒன், பிளஸ் டூ படிப்பவர்கள், நீட்டுக்கு மறுபடியும் உட்காருபவர்கள், கல்லூரி முதலாண்டில் இருப்பவர்கள் ஆகியோரின் பெற்றோருக்கானது. ஒரு படி அடுத்த படிக்கு வழி விடும்படி அடுக்கியிருப்பதால் இடையில் தாவ வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, எழுதி வைத்தாலோ நேராக 5-ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 40 பக்க நோட்டு. இது உங்களுக்கு, பிள்ளைக்கு அல்ல.

பொறுப்பேற்கும் ஒரு ஆள். அம்மாவோ அப்பாவோ, அக்காவோ சித்தியோ யாராக இருந்தாலும் சரி. ஒருவர் கேட்பவராகவும் மற்றவர்கள் அவருக்குத் துணையாகவும் இருக்க வேண்டும். நாலு பேர் நாலு விதமாக விசாரித்தால் பிள்ளை நாலு பேரிடமும் வாயை மூடிக்கொள்ளும்.

போனில் பதிந்து வைக்க வேண்டிய எண்கள். 14416 டெலி மனாஸ், அரசின் மனநல உதவி எண்: 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104 தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண். 18 வயது நிறையாதவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. அவசரம் என்றால் 108. சென்னையில் உள்ள சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. இரவு இரண்டு மணிக்குத் தேடி எடுக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் விரல் ஓடாது.

இரண்டு வாரப் பொறுமை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

1. முதலில் வீட்டைப் பூட்டுங்கள்

எதுவும் பேசுவதற்கு முன், இன்றே, யாரையும் கேட்காமல் செய்யக்கூடியது இது ஒன்றுதான். பூச்சிமருந்து, எலி மருந்து, தாத்தா பாட்டியின் சுகர், பிரஷர், தூக்க மாத்திரைகள் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். சாவி ஒருவர் மடியில் இருக்கட்டும்.

"நம்ம புள்ள அப்படியெல்லாம் இல்லை" என்று தோன்றும். தோன்றட்டும், பூட்டிவிடுங்கள். உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் ஒரே சீராக இருப்பதில்லை. அலை போல எழுந்து அடங்கும். அது உச்சத்தில் நிற்கும் நேரத்தில் கைக்கு எதுவும் எட்டவில்லை என்றால் பலர் தப்பிவிடுகிறார்கள். இளம் வயதில் இந்த முடிவுகள் ஒரு திட்டு, ஒரு மார்க் ஷீட், ஒரு மெசேஜ் வந்த கையோடு எடுக்கப்படுவதால் இந்த இடைவெளிக்கு மதிப்பு அதிகம்.

விவசாய வீடுகளில் மருந்தை மோட்டார் கொட்டகையில் பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள். அடிக்கிற அளவுக்கு மட்டும் வாங்கி, மீதி வைக்காமல் இருப்பது அதைவிட நல்லது. மாத்திரைகளை வீட்டில் ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நடக்கும் தவறு இரண்டு. பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து ஆணியிலேயே மாட்டுவது ஒன்று. "உனக்காகத்தான் பூட்டுறேன்" என்று பறைசாற்றுவது இன்னொன்று. யாராவது கேட்டால், "சின்னக் குழந்தைகள் வந்து போகிற வீடு, பூட்டி வைக்கிறோம்" என்று சொன்னால் போதும்.

2. இரண்டு வாரம் எழுதுங்கள், கேள்வி கேட்காதீர்கள்

நோட்டில் தினம் நாலைந்து வரி போதும். எத்தனை மணிக்கு லைட் அணைந்தது, எத்தனை மணிக்கு எழுந்தது, எவ்வளவு சாப்பிட்டது, யாரோடு பேசியது, வழக்கமாகச் செய்வதில் எதை விட்டது. ஒரு நாள் குறிப்பு இப்படி இருக்கலாம்:

"செவ்வாய். ராத்திரி 1.10-க்கு லைட் ஆஃப். காலை 5-க்கு எழுப்பினேன். அரை தோசை. ஸ்கூல் விட்டு வந்ததும் தலைவலி என்று படுத்தான். விளையாடக் கூப்பிட வந்த பையனிடம் 'இல்லைன்னு சொல்லும்மா' என்றான்."

"சோம்பேறித்தனம் ஏறிப்போச்சு" என்று எழுதினால் அது குறிப்பு அல்ல, தீர்ப்பு. தீர்ப்பை வைத்துக்கொண்டு மருத்துவரால் எதுவும் செய்ய முடியாது. 1.10, அரை தோசை, திருப்பி அனுப்பிய நண்பன், இவற்றை வைத்து நிறையச் செய்ய முடியும்.

இரண்டு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. மனச்சோர்வா என்று கணிக்கும்போது மருத்துவர்களும் கடந்த இரண்டு வாரக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். வெறும் டென்ஷனுக்கு ஒரு காரணமும் ஒரு முடிவும் இருக்கும். ரிவிஷன் டெஸ்ட் முடிந்த அன்று மாலை பிள்ளை பழையபடி சிரிக்கும். மனச்சோர்வு அப்படி இல்லை. டெஸ்ட் முடிந்தாலும், லீவு விட்டாலும், பிடித்த பிரியாணி வாங்கி வைத்தாலும் முகம் அப்படியே இருக்கும். பிடித்தது பிடிக்காமல் போவதுதான் முக்கியமான அடையாளம், அழுகை அல்ல.

பையன்களிடம் இது சோகமாக வருவதைவிடக் கோபமாக வருவது அதிகம். கதவை அறைவது, தம்பியை அடிப்பது, வண்டியை வெறித்தனமாக ஓட்டுவது என்று போகும். உடம்பு வழியாகவும் வரும்: ஞாயிறு இரவு தொடங்கித் திங்கள் காலை உச்சத்துக்குப் போகும் வயிற்றுவலி, காரணம் தெரியாத தலைவலி. "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்குது" என்பார்கள். பெரும்பாலும் நடிப்பு இல்லை, வலி நிஜம். பெண்பிள்ளை என்றால் மாதவிலக்குத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய சில நாட்களில் மட்டும் மனம் சரிந்து பிறகு எழுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

பிள்ளையின் டைரியையோ வாட்ஸ்அப்பையோ திருட்டுத்தனமாகப் படிக்க வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால் (கண்டுபிடித்துவிடும்) 4-ஆம் படி நடக்கவே நடக்காது. உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் வலுவாக இருக்கும்போது மட்டும் இந்த விதியை மீறலாம்.

3. படிப்பைத் தொடும் முன் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்

குறிப்பு எழுதும் இதே இரண்டு வாரத்தில் இதையும் தொடங்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அஸ்திவாரம். தூக்கம் கெட்ட பிள்ளையிடம் மனசைப் பற்றிப் பேசினால் பேசுவது பிள்ளையாக இருக்காது, அதன் களைப்பாகத்தான் இருக்கும்.

13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே சற்றுப் பின்தள்ளிப் போகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. அதனால்தான் ஒன்பது மணிக்குப் படு என்றால் பிள்ளை புரண்டுகொண்டே கிடக்கிறது. திமிர் இல்லை, உடற்கூறு.

விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பதுதான் நம் ஊரில் பெரிய சிக்கல். பத்து மணிக்குள் தூங்கப் பழகிய காலத்துப் பழக்கம் அது. பன்னிரண்டரைக்குப் படுத்தவனை நாலரைக்கு எழுப்பினால் மிஞ்சுவது நாலு மணி நேரம். படித்ததை மூளை பதித்து வைப்பது தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. அதோடு, பொதுத்தேர்வில் பத்து மணிக்குக் கேள்வித்தாள் தருகிறார்கள், எழுதத் தொடங்குவது 10.15-க்கு. மூளை முழிப்பாக இருக்க வேண்டியது அப்போதுதான்.

சரிசெய்யும் முறை இது:

எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். பள்ளி நாள், ஞாயிறு எல்லாம் ஒன்றுபோல, அதிகம் போனால் ஒரு மணி நேர வித்தியாசம். படுக்கும் நேரத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டு வாருங்கள். 12.30-ஐ 10.30-க்குக் கொண்டுவர இப்படிச் சுமார் 16 நாள் ஆகும். ஒரே இரவில் இரண்டு மணி நேரம் இழுத்தால் மூன்றாம் நாளே பழையபடி போய்விடும்.

மாலை நாலு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். டீ, காபியில் உள்ள, தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ராத்திரிப் படிப்புக்கு அன்போடு ஃபிளாஸ்க்கில் போட்டு வைக்கிற காபியைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

போன் இரவில் ஹாலில் சார்ஜ் ஏறட்டும், பெற்றோருடைய போனும் சேர்த்து. இந்த ஒரு விதி வீட்டில் எல்லோருக்கும் பொது. அப்பா மட்டும் படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்த்தால் விதி அன்றோடு செத்தது. அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். "அலாரத்துக்குத்தான் போன்" என்ற வாதம் அதோடு தீரும்.

4. முதல் பேச்சு

இடம் முக்கியம். எதிரே உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்துப் பேசினால் விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வேலைகளில்தான் பிள்ளைகள் பேசும்: மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, பட்டாணி உரிக்கும்போது. மார்க் வந்த அன்றும், சண்டை நடந்த அன்றும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

பார்த்ததைச் சொல்லித் தொடங்குங்கள். நோட்டு இங்கேதான் கைகொடுக்கும்.

"ரெண்டு வாரமா நீ ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருக்க பாப்பா. நேத்து உன் ஃப்ரெண்டு போன் பண்ணப்பவும் எடுக்கல. ஏதோ கஷ்டமா இருக்கு போலன்னு தோணுச்சு."

"ஒண்ணுமில்லம்மா."

"சரி. இப்ப சொல்ல வேணாம். நான் திட்டப்போறதில்ல, அப்பாகிட்ட உடனே ஓடிப்போயும் சொல்லப்போறதில்ல."

அதற்கு மேல் பேசாமல் இருங்கள். துணியை மடித்துக்கொண்டே இருங்கள். இந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பெற்றோர்தான் உடைப்பார்கள், அதுவும் அறிவுரையால். ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தால் பல நேரம் இரண்டாவது வாக்கியம் பிள்ளையிடமிருந்து வரும். வராவிட்டால் இரண்டு நாள் கழித்து இன்னொரு வேலையின் நடுவே மறுபடி.

பேசத் தொடங்கியதும் வாயிலிருந்து தானாக வரும் சில வாக்கியங்களை அடக்க வேண்டும். "எங்க காலத்துல தெருவிளக்குல படிச்சோம்." "உனக்கு என்ன குறை வெச்சோம்?" "பக்கத்து வீட்டுப் பையனும்தானே படிக்கிறான்?" "இதுக்கெல்லாமா அழுவாங்க?" இவை நாலுக்கும் பிள்ளை எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்றே: இனி இங்கே சொல்லக் கூடாது. தீர்வும் இப்போது வேண்டாம். "அப்புறம்?", "அப்ப எப்படி இருந்துச்சு?", "எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" இந்த மூன்று கேள்வியில் முதல் பேச்சை ஓட்டிவிடலாம்.

கேட்கிறவர் உடைந்து அழுதால் பிள்ளை உடனே ஆறுதல் சொல்லும் இடத்துக்குப் போய்விடும், தன் கதையை அப்படியே விழுங்கிவிடும். அழுகை வந்தால் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வாருங்கள்.

காரணம் எப்போதும் படிப்பாக இருக்காது. காதல், கேலி, சாதிப் பேச்சு, வீட்டுக் கடன், அப்பாவின் குடி, பாலியல் தொல்லை என்று எதுவும் வரலாம். 18 வயது நிறையாத பிள்ளை பாலியல் தொல்லையைச் சொன்னால் அதைப் புகாராகப் பதிவது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். வழி தெரியாவிட்டால் 1098-ஐ அழைத்தால் அடுத்து என்ன என்று சொல்வார்கள். "யார்கிட்டயும் சொல்லாத" என்று பிள்ளையை அடக்குவது மட்டும் கூடவே கூடாது.

5. தற்கொலை எண்ணத்தை நேராகக் கேளுங்கள்

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படி ஆவதில்லை. ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். கேட்கும்போது பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு விடுதலை: அப்பாடா, இதைச் சொல்லலாம் போல.

சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "இவ்வளவு கஷ்டமா இருக்கும்போது சிலருக்குச் செத்துடலாமான்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?" என்று கேட்கலாம். "அந்த மாதிரி தப்பா ஏதும் நினைக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நீங்களே கையில் கொடுக்கிறீர்கள்.

"தோணுது" என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் எண்ணமாக இருந்தால் அடுத்த ஒன்றிரண்டு நாளில் மருத்துவரிடம் போக வேண்டும். வழியும் நேரமும் யோசித்திருந்தால் இன்றே போக வேண்டும். அதுவரை தனியாக விடாதீர்கள். அறைக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள், ஒருவர் கூடவே படுங்கள். 14416-க்குப் பிள்ளையும் பேசலாம், நீங்களும் பேசலாம். பெற்றோர் கூப்பிட்டுத் தாங்கள் என்ன செய்வது என்று கேட்பதற்கும் அந்த எண் இருக்கிறது.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உன் உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் டாக்டர்கிட்ட சொல்வேன், அதுவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான்" என்பதே நேர்மை. பிள்ளையிடமும் "என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு" என்று வாங்காதீர்கள். சத்தியம் எண்ணத்தைத் தடுக்காது, அடுத்த முறை சொல்வதைத்தான் தடுக்கும்.

ஏற்கனவே எதையாவது சாப்பிட்டுவிட்டது, காயப்படுத்திக்கொண்டது என்றால் 108-ஐ அழையுங்கள். கைவைத்தியம் வேண்டாம், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். சாப்பிட்டதன் பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் போயே ஆக வேண்டும். சில நஞ்சுகள் ஓரிரு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைத்துக் காலம் கடத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆஸ்பத்திரியில் பதிவு செய்வார்கள், அது நடைமுறை. அதற்குப் பயந்து ஒரு மணி நேரத்தைக் கூட இழக்காதீர்கள்.

6. ஒரு ரத்தப் பரிசோதனை

சின்னப் படிதான், ஆனால் பலர் விட்டுவிடுகிறார்கள். ரத்தச் சோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு மூன்றும் சோர்வு, மறதி, எரிச்சல் என்று மனச்சோர்வின் முகத்தோடே வரும். குடும்ப மருத்துவரிடம் சொல்லி ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு), பி12 பார்த்துவிடுங்கள். இந்த வயதுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழும் பையன்களுக்கு 13-க்குக் கீழும் இருந்தால் ரத்தச் சோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோடு போடலாம்.

7. படிப்புச் சுமையை மணிக்கணக்கில் எண்ணுங்கள்

"கொஞ்சம் ஃப்ரீயா படி" என்பது அறிவுரையே இல்லை. தாளும் பேனாவும் எடுத்துப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு நாளைக் கூட்டிப் பாருங்கள்.

பள்ளி ஏழரை மணி நேரம். காலை, மாலை ஸ்பெஷல் கிளாஸ் இரண்டு. டியூஷன் இரண்டு. பஸ்ஸில் ஒன்றரை. ஆக 13. தூக்கம் 8 சேர்த்தால் 21. குளிக்க, சாப்பிட, துவைக்க இரண்டு. மீதி ஒரு மணி நேரம். "வீட்டுல நாலு மணி நேரமாவது படிக்கணும்" என்று நாம் சொல்லும்போது மீதி மூன்று மணி நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான். இந்தக் கணக்கைத் தாளில் பார்த்த பிறகு பல அப்பாக்கள் அமைதியாகிவிடுவார்கள்.

எதையாவது வெட்டியாக வேண்டும். பள்ளியில் நடத்துவதே போதும் என்று பிள்ளை சொல்லும் பாடத்தின் டியூஷனை முதலில் நிறுத்துங்கள். கட்டிய பீஸ் போகட்டும்.

பிறகு பாடப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் குறியுங்கள்: தெரியும், பாதி தெரியும், தொடவே இல்லை. தொடங்க வேண்டியது "பாதி தெரியும்" என்பதிலிருந்து. தொடாத பாடத்திலிருந்து தொடங்கினால் மூன்று நாள் உழைத்தும் ஒன்றும் நகராத மாதிரி இருக்கும், பயம் கூடும். பாதி தெரிந்தது அரை நாளில் "தெரியும்" பக்கம் போய்விடும், தெம்பு வரும். தொடாத பாடங்களுக்குப் புக் பேக் கேள்விகளை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 40 நிமிடம் படிப்பு, 10 நிமிடம் எழுந்து நடப்பது. அந்தப் பத்து நிமிடத்தில் போன் வேண்டாம். பத்து நிமிடத்தில் திரும்பி வந்த ரீல்ஸ் கிடையாது.

"கட் ஆஃப் 190 வேணும்" என்று தினமும் சொல்வதில் பயன் இல்லை. பொறியியல் கட் ஆஃப் என்பது கணிதம் நூற்றுக்கும், இயற்பியல், வேதியியல் ஐம்பது ஐம்பதுக்கும் என்று 200-க்குப் போடுவது. அந்த எண்ணை வைத்து இன்று மாலை என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாது. "இந்த வாரம் மூணு பாடம்" என்றால் தெரியும்.

தேர்வறையில் வரும் படபடப்புக்கு ஒரு பயிற்சி. இரண்டு காலையும் தரையில் பதித்து, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விட வேண்டும். பத்து முறைக்கு ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். மூச்சு வெளியே போகும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். பத்து மணிக்குத் தாள் கைக்கு வந்ததிலிருந்து எழுதத் தொடங்கும்வரை உள்ள கால் மணி நேரத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் தேர்வன்றுதான் முதல்முறை செய்து பார்ப்பது என்றால் பலிக்காது. பத்து நாள் முன்னாலிருந்தே வீட்டில் தினம் இரண்டு முறை பழக வேண்டும்.

நீட்டுக்கு மறுபடி படிப்பவர்களின் பிரச்சினை வேறு. கூடப் படித்தவர்கள் கல்லூரி போட்டோ போட்டுக்கொண்டிருக்க, இவர்கள் தனியாக அறையில். ஒரு தவறான விடைக்கு ஒரு மார்க் போகும் தேர்வு என்பதால் 720-க்கு வரும் மாதிரித் தேர்வு மார்க் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கத்தான் செய்யும். ஒவ்வொரு தடவையும் "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். ஞாயிறு ஒருமுறை, அதுவும் எந்தப் பகுதியில் தவறு அதிகம் என்று மட்டும். தினமும் ஒரு மணி நேரமாவது வெளியே போய் யாரையாவது பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். லைப்ரரி போதும்.

8. பள்ளியில் பேசுவது

வகுப்பாசிரியரை முதலில் பாருங்கள், தலைமையாசிரியரைப் பிறகு. பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். "என் பையனுக்கு டிப்ரஷன் சார்" என்று பொதுவாகச் சொன்னால் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரவுமே தவிர ஒன்றும் நடக்காது. குறிப்பாக இரண்டு மூன்று விஷயம் கேளுங்கள்: ஒரு மாதத்துக்குக் காலை ஸ்பெஷல் கிளாஸிலிருந்து விலக்கு, மார்க்கை வகுப்பில் உரக்க வாசிக்காமல் தாளாகக் கொடுப்பது, முடியாதபோது பத்து நிமிடம் வெளியே உட்கார அனுமதி. கல்வித்துறை உதவி எண் 14417. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. இருக்கிறாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

9. மருத்துவரிடம் எப்போது, யாரிடம்

தூக்கத்தைச் சரிசெய்தும் சுமையைக் குறைத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் போக வேண்டும். உயிர் பற்றிய பேச்சு, தன்னைக் கீறிக்கொள்வது, யாரோ பேசுவது போலக் காதில் கேட்பது, சாப்பாடே இறங்காதது, போதைப் பழக்கம் என்றால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுதமாட்டார். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்கிறாரா என்று கேளுங்கள். "கவுன்சிலர்" என்ற பலகையை இன்று யாரும் மாட்டிவிடலாம், அதனால் என்ன படித்தார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் பார்க்கிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. செலவு தடையாக இருக்க வேண்டியதில்லை.

போகும்போது நோட்டையும் ரத்த ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்பார். வெளியே வந்து உட்காருங்கள். திரும்பி வந்ததும் "உள்ள என்ன சொன்ன?" என்று கேட்காதீர்கள்.

மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுக் குமட்டல் மாதிரியான தொந்தரவுகள்தான் முன்னால் வரும். "மாத்திரை ஒத்துக்கல" என்று நிறுத்துவது பெரும்பாலும் அப்போதுதான். இந்த வயதில் தொடக்க வாரங்களில் சிலருக்குப் பதற்றமோ உயிர் பற்றிய எண்ணமோ கூடலாம் என்பதால் கூடுதல் கவனம் தேவை. அப்படித் தெரிந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாத்திரை பெற்றோர் கையில் இருந்து, வேளைக்கு ஒன்றாகப் போகட்டும். நன்றாகிவிட்டது என்று தோன்றும் மாதத்தில் நீங்களாக நிறுத்தாதீர்கள். சரியான பிறகும் பல மாதம் தொடர்ந்து, மெல்லக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். ஆயுசு முழுக்கப் போட வேண்டியிருக்குமோ என்ற சந்தேகத்தை மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். பலருக்கு வேண்டியதில்லை.

நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வருமோ என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம், பெண்பிள்ளை என்றால் இன்னும் அதிகம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது அதே 2017 சட்டப்படி மருத்துவரின் கடமை. அதை வெளியே கொண்டுபோவது பெரும்பாலும் உறவுக்காரர்கள்தான், அவர்களுக்கு யார் சொன்னது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போவதிலும் தவறில்லை. மருத்துவரை அதற்கு அப்புறம் என்று தள்ளுவதில்தான் தவறு.

10. ரிசல்ட் வரும் வாரம்

இதற்கான ஏற்பாட்டை ரிசல்ட் தேதி அறிவித்த அன்றே செய்துவிடுங்கள். அன்று காலை எதிர்பாராததை விட்டு வைக்கக் கூடாது.

மார்க்கை முதலில் பார்க்க வேண்டியது பிள்ளை. ஹால் டிக்கெட் எண்ணைப் பெரியப்பாவுக்கும் டியூஷன் வாத்தியாருக்கும் முன்கூட்டியே அனுப்பி வைக்காதீர்கள். அவர்கள் பார்த்துவிட்டுப் போன் செய்து சொல்வது நடக்கிறது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. உறவினர் வாட்ஸ்அப் குரூப் மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. அன்று முழுக்க வரும் போனை ஒருவர் எடுத்து, "அவனே அப்புறம் கூப்பிடுவான்" என்று முடித்துவிடட்டும்.

மார்க் குறைந்திருந்தால் அன்று சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "சரி, வா சாப்பிடலாம்." அடுத்து என்ன என்பதை மறுநாள் பேசிக்கொள்ளலாம். பேசும்போது கையில் விவரம் இருக்கட்டும். தவறிய பாடத்துக்கு அதே ஆண்டு ஜூன், ஜூலை வாக்கில் துணைத்தேர்வு உண்டு. அதில் தேறினால் அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். மார்க்கில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகலுக்கு முதலில் விண்ணப்பித்து, அதைப் பார்த்த பிறகே மறுமதிப்பீட்டுக்குப் போக வேண்டும். விண்ணப்பிக்கத் தருவது சில நாட்கள்தான்.

அன்று இரவு பிள்ளை தனியறையில் படுக்க வேண்டாம். அடுத்த ஒரு வாரம் கவனம் தேவை. முதல் நாள் அழுத பிள்ளையைவிட, மார்க் குறைந்தும் ஒன்றும் ஆகாதது போல இருக்கிற பிள்ளைக்கு அதிகக் கவனம். பல நாள் இருண்டிருந்த முகம் காரணமில்லாமல் திடீரென்று அமைதியானால், தனக்குப் பிடித்த பொருட்களை யாருக்காவது கொடுக்கத் தொடங்கினால், அன்றே 5-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

11. ஹாஸ்டலில் முதல் ஆறு வாரம்

வீடு மாறி, மொழி மாறி, பாடம் ஆங்கிலத்தில் மாறி, பள்ளியில் முதல் மார்க் வாங்கியவர்கள் முதல் இன்டர்னலில் தோற்கும் காலம் இது. பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் இருந்தால் கடைசிச் சீட்டும் ஒரு மாத மருந்தும் பெட்டியில் போக வேண்டும். கல்லூரி இருக்கும் ஊரில் அடுத்து யாரிடம் காட்டுவது என்று அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ராகிங் புகாருக்கு 1800-180-5522.

தினமும் ஒரே நேரத்தில் ஒரு போன் போதும். "சாப்பிட்டியா?" என்றால் "ம்" என்று பதில் வரும், அதில் தெரிவது ஒன்றும் இல்லை. "யார் கூடச் சாப்பிட்ட?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் நல்லது, இரண்டு பெயர் வந்தால் இன்னும் நல்லது. இரண்டு வாரமாக "தனியாத்தான்" என்றே வந்தால் சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.